பாசி தின்ற பன்றி

பன்றி வளர்ப்பைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்ய அரசாங்கம் என்னைத் தேர்ந்தெடுத்தபோது, அந்தப் பிராணியோடு எனக்கிருந்த பரிச்சயம் வராக அவதாரத்தோடு நின்றிருந்தது. மீமிசலுக்குப் பக்கத்தில் ஒரு சைவக் கணக்குப்பிள்ளைக் குடும்பத்தில் பிறந்தவன் நான். கூப்பிடு தூரத்தில் கடல். ஊரில் பாதிப்பேர் மீன் பிடித்தார்கள், மீதிப்பேர் அதைத் தின்றார்கள், நாங்கள் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கத்தரிக்காய் தின்றோம். பிறகு கல்லூரியில் தமிழ் படித்தேன். நெய்தல் நிலத்துக்குப் புலவர்கள் ஏன் இரங்கலை ஒதுக்கினார்கள் என்று பேராசிரியர் கேட்டபோது, கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பாசியின் நாற்றத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அதை அப்படியே சொன்னேன். என் இலக்கிய வாழ்க்கை ஏறக்குறைய அன்றே முடிந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் கிராம சேவக் வேலை கிடைத்தது. சேவக் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கம்போஸ்ட் குழி, ஜப்பான் முறை நடவு, புகையில்லா அடுப்பு, கோழி, பன்றி என்று, தனக்குச் செய்யத் தெரியாத அத்தனையையும் அடுத்தவனுக்குச் சொல்லித்தருகிற உத்தியோகம். ஒரு சைக்கிளும் கொடுத்தார்கள். அதையாவது எனக்கு ஓட்டத் தெரிந்திருந்தது.

குன்றாண்டார்கோவில் பக்கத்தில் எனக்கு விழுந்த ஊர்களில் ஒன்று கிறிஸ்தவ ஊர். பேர் வேண்டாம். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள், அதுதான் சங்கடமே. மேலத்தெரு, கீழத்தெரு, நடுவில் மாதா கோவில். கோவிலுக்கு ஒரு கூரை, இரண்டு பக்கவாசல். எங்கள் பக்கத்துக் கோவில்களில் சிலரை வெளியே நிறுத்துவார்கள். இங்கே உள்ளே விட்டுத் தனியாக உட்கார வைத்தார்கள். நான் வந்த புதிதில் இதை முன்னேற்றம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பாஸ்கு என்று அவர்கள் சொல்லும் உயிர்த்த ஞாயிறுக்கு அந்த ஊரில் அசனம் நடக்கும். அசனம் என்றால் ஊர் முழுக்கச் சேர்ந்து சாப்பிடும் சாப்பாடு. நோய் தீர்ந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், வழக்கில் ஜெயித்தவர்கள் நேர்ந்துகொண்ட ஆடு, கோழி, பன்றி எல்லாம் ஒரே கொப்பரையில் போய் விழும். நேர்ச்சைக் கறியை வீடு வாரியாகப் பிரித்துச் சமைக்கக் கூடாது என்பது அங்கே கட்டளைக்குச் சமம். யாருடைய ஆடு யாருடைய இலையில் விழுகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் அசனம். கேட்பதற்கு எவ்வளவு நன்றாயிருக்கிறது. ஆனால் அந்தக் கொப்பரையில் விழுந்தது எல்லாம் மேலத்தெரு மிருகங்கள். கீழத்தெருவுக்கு அடுப்பு வெட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் இரண்டாம் பந்தியும்.

கீழத்தெருவில் கிணறு வெட்டும் மேஸ்திரி ஒருவர் இருந்தார். பாறையில் தமரடித்து, அந்தத் துளையில் வெடிமருந்து வைக்கிறவர். காதில் ஒன்று பாதி மந்தம். மந்தமான காது எது என்பது பேசுகிற ஆளைப் பொறுத்து மாறும். கீழத்தெருவில் அவர் மேஸ்திரி. மேலத்தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவருடைய மனைவிக்கு விஷக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கைவிட்ட சமயம், அவள் பிழைத்தால் அசனக் கொப்பரைக்கு ஒரு பன்றி போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். அவள் பிழைத்தாள். கீழத்தெருவிலிருந்து கொப்பரைக்குப் போன முதல் நேர்ச்சை அதுதான். போனது என்று சொல்லக் கூடாது, புறப்பட்டது.

மேலத்தெருவில் கோவில் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த காரியஸ்தர் ஒருவர் இருந்தார். பட்டாளத்திலிருந்து வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்குப் போகும்போதெல்லாம் காபி கொடுத்தார். அவர் மேஸ்திரியின் கறுப்புப் பன்றியை வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஊர்ப் பன்னி பாரு. எங்கிட்டுப் போகுது, என்னத்தத் திங்குதுன்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சுத்தமா வளத்துக் கொண்டா, ஆரு வேணாம்ங்கப் போறா" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. மேலத்தெருப் பன்றிகள் எங்கே போய் என்னத்தைத் தின்றன என்று மேஸ்திரி கேட்கவில்லை. அன்றைக்கு மந்தக் காது காரியஸ்தர் பக்கம் இருந்திருக்கவேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் வெண்பன்றித் திட்டத்தோடு நான் போய்ச் சேர்ந்தேன். சீமை இனத்துப் பன்றி, அரசாங்கமே கொடுக்கும். சிமெண்டுத் தரை போட்ட கொட்டிலை விட்டு வெளியே வராது. அளந்து போட்ட தீவனத்தை மட்டும் தின்னும். இதை நான் ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது, மேஸ்திரி எழுந்து முன்னால் வந்து, நல்ல காதை என் வாய்க்கருகே கொண்டுவந்து வைத்தார்.

"கொட்டாயை விட்டு வெளியவே வராதா, சார்?"

"வராது மேஸ்திரி."

"நாம போடுறது தவிர வேற எதையும் திங்காது?"

"வழியே இல்லை."

"அப்ப எனக்கு ஒண்ணு எழுதிக்கங்க."

திட்டம் வெற்றி என்று அன்றே மேலிடத்துக்குச் சொன்னேன். அந்த ஊரில் அதற்கு முன்வந்த ஒரே ஆள் அவர்.

பன்றி வந்தது. ரோஜா நிறத்தில், வெள்ளை மயிரோடு, வெயிலைக் கண்டால் முகம் சுளித்துக்கொண்டு. கீழத்தெரு அதைப் பார்த்த மாத்திரத்தில் 'தொரை' என்று பேர் வைத்தது. சுதந்திரம் வந்து அத்தனை வருஷம் கழித்து ஒரு துரைக்குத் தவிடு கரைத்து வைக்க வேண்டியிருக்கிறதே என்று மேஸ்திரியின் மனைவிக்கு வருத்தம். "என் உசுரு திரும்பி வந்ததுக்கு ஒரு பன்னி. என் மதிப்பு என்னன்னு ஊருக்கெல்லாம் காட்டிப்புட்டாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஆனால் தொரையின் கொட்டிலைக் கழுவிவிட்ட சுத்தத்துக்கு, என் அறையை நான் அப்படி வைத்திருந்ததில்லை.

நாலைந்து மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு தொரை நின்றுவிட்டான். வளர்த்தி நின்றது, மயிர் சொரசொரத்தது, பின்னங்கால் வலுவில்லாமல் நாய்போல உட்கார்ந்துகொண்டே தின்றான். கால்நடை டாக்டர் வந்து பார்த்து, தாது உப்புக் கலவை போதவில்லை என்றார். கலவை எங்கே என்று கேட்டேன். மேலே எழுதிக் கேட்டு இண்டெண்ட் போட்டிருக்கிறது என்றார். நானும் ஒரு இண்டெண்ட் போட்டேன். எனக்கு மேலே இருந்தவரும் போட்டார். தாளைத் தின்று ஒரு பன்றி கொழுக்க முடியுமானால் தொரை யானையாகியிருப்பான்.

மேஸ்திரி என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. கொட்டில் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "பாஸ்குக்கு எந்திரிச்சு நிப்பானா, சார்?" என்று மட்டும் கேட்டார்.

படித்தவனுக்குப் பதில் தெரியாவிட்டால் புத்தகசாலைக்குப் போவான். புதுக்கோட்டையில் பழைய ஆங்கிலச் சஞ்சிகைக் கட்டு ஒன்றைப் புரட்டியபோது, குளிர்தேசத்துத் தீவு ஒன்றில் பன்றிகள் கடற்கரைக்குப் போய்ப் பாசியை மேய்கின்றன என்றும், பாசியில் தாதுப்பொருள் நிறைய என்றும், கழுவி உலர்த்திப் பொடித்துத் தீவனத்தில் கொஞ்சமாகச் சேர்க்கலாம் என்றும் போட்டிருந்தது. இளமை முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப்போன பொருளுக்குள் இப்படியொரு விஷயம் இருக்கிறது என்று படித்ததும் எனக்குப் புல்லரித்தது. புல்லரிப்பு என்பது வாழ்க்கையில் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. அப்போது எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

வாடைக்காற்றுக் காலம். கட்டுமாவடியிலிருந்து மீமிசல் வரைக்கும் கரை நெடுகப் பழுப்புப் பாசி மேடு தட்டிக் கிடந்தது. நானே போய் அள்ளினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் கூடிவிட்டார்கள்.

"எதுக்குத் தம்பி அள்ளுறீக? எருவுக்கா?"

"பன்றிக்கு."

ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். "கணக்குப்பிள்ளை மகன்தானே இது? நல்ல புள்ளையால்ல இருந்துச்சு" என்றாள்.

மூட்டைகளைக் கருவாட்டு லாரியில் ஏற்றிவிட்டேன். நாற்றம் பொறுக்கவில்லை என்று புகார் சொன்னவர் அந்தக் கருவாட்டு லாரியின் டிரைவர்.

கீழத்தெருக் கிணற்றில் தண்ணீர் அப்போதே பாதாளத்தில் கிடந்தது. பாசியின் உப்புப் போக அலசுவதற்குக் குடம் குடமாக வேண்டும். முதல் தடவை தண்ணீருக்குப் பயந்து சிக்கனமாக அலசினோம். அதைத் தின்ற தொரை, தொட்டித் தண்ணீரைக் காலி செய்துவிட்டுச் சாராயம் குடித்தவன்போலச் சுவரில் முட்டினான். டாக்டர் வந்து, உப்பு பன்றிக்கு விஷம், நாக்கில் கரிக்காதவரைக்கும் அலசு என்று திட்டிவிட்டுப் போனார். யார் நாக்கில் என்று கேள்வி வந்தது. மேஸ்திரியின் மனைவி என்னைக் கைகாட்டினாள்.

"அவுகதான் சைவம். பாசி சைவந்தானே. அவுகளே பாக்கட்டும்."

அப்படியாக, அந்த வட்டாரத்தில் பன்றித் தீவனத்தைத் தின்று பார்த்துச் சான்று கொடுக்கும் அரசாங்க ஊழியன் ஆனேன். ஒவ்வொரு அலசலுக்கும் ஒரு நுனி கிள்ளி வாயில் போட்டுக்கொள்வேன். கிணற்றடியில் குடத்தோடு காத்திருக்கும் பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் இன்னும் கரிக்கிறது என்று தலையாட்டினால் ஒரு பெருமூச்சு எழும். "நமக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, தொரைக்குப் புல்லு அலசுது கவர்மெண்டு" என்பாள் ஒருத்தி. ஆனால் மேஸ்திரி எதற்காக இதைச் செய்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். கயிற்றை அவர்களேதான் இழுத்தார்கள்.

அலசிய பாசியைப் பாறையில் காயவைத்து, உரலில் இடித்து, தவிடு, கடலைப் புண்ணாக்கு, வேகவைத்த மரவள்ளியோடு ஒரு பிடி சேர்த்தோம். முதலில் கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் போனபோது தொரை நான்கு காலிலும் நின்றுகொண்டு தின்றான். தை முடிவதற்குள் அவன் முதுகில் பாய் விரிக்கலாம் போலிருந்தது. பாசியால்தானா, அல்லது டாக்டர் போட்ட ஊசியாலா, அந்த அம்மாள் கழுவிய சுத்தத்தாலா, எனக்கு நிச்சயமாகத் தெரியாது. மேலிடத்துக்குப் பாசியால் என்றுதான் எழுதினேன். ஜீப்பில் பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். ஒரு அதிகாரி தொரையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். மேஸ்திரியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள், அவர் நிழல் விழுகிறதாம்.

விபூதிப் புதன் வந்தது. அந்தப் பேரைக் கேட்டதும் நான் சற்று உரிமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அன்றுதான் அவர்களுக்குத் தபசு காலம் தொடக்கம், பாஸ்கு வரைக்கும் கறி கிடையாது. வெட்டுவதற்குச் சில வாரங்களுக்கு முன் பாசியை நிறுத்திவிட்டால் கறியில் வாடை தங்காது என்று டாக்டரும் சொன்னார், சஞ்சிகையும் சொன்னது. மேஸ்திரி விபூதிப் புதனையே அதற்கு நாளாக வைத்துக்கொண்டார். "நாம கறியை விடுறோம், அவன் பாசியை விடட்டும்" என்றார். தொரையும் தபசு காத்தான். மேலத்தெருவில் அந்தக் காலத்தில் ஒளித்துவைத்துக் கருவாடு சுட்டவர்களைவிட ஒழுங்காகக் காத்தான்.

பாஸ்கு வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் காரியஸ்தர் இன்னும் மூன்று நான்கு பேரோடு கீழத்தெருவுக்கு வந்தார். அவர்கள் அந்தத் தெருவுக்குள் வந்து நான் பார்த்த ஒரே தடவை அதுதான். நாற்காலி எதுவும் போடப்படவில்லை, போட்டாலும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நேராகக் கொட்டிலுக்குப் போனார்கள். மேஸ்திரி புதுத் துண்டு கட்டியிருந்தார். அவர்கள் மூக்குப்படக் குனிந்து தொரையை மோந்து பார்த்தார்கள். மீசை வைத்த, வெள்ளை வேட்டி கட்டிய, நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டுக்கொள்கிற பெரிய மனிதர்கள் வரிசையாகக் குனிந்து ஒரு பன்றியை முகர்ந்தார்கள். தொரை திரும்பி அவர்களை முகர்ந்தான். அவன் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

"இதுக்கு என்ன போடுறீங்க, சேவக்கு சார்?" என்றார் காரியஸ்தர், தெரியாதவரைப்போல.

"தவிடு, புண்ணாக்கு, மரவள்ளிங்க."

"அப்புறம்?"

"பாசி. அதை விபூதிப் புதனோட நிறுத்தியாச்சுங்க."

"நிறுத்துனது சரி. தின்னது ஒடம்புலதானே இருக்கும்?" என்று மற்றவர்களைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரே தலையாட்டல். "கடல் சாமான் பாருங்க. கவிச்சி அடிக்கும். பொதுக் கொப்பரையில போட்டோம்னா அத்தனை பேரு நேர்ச்சையும் வீணாப் போயிரும். ஊர்க் காரியம்."

"வாடை இருக்காதுங்க. புஸ்தகத்திலேயே போட்டிருக்கு."

"புஸ்தகத்துல போட்டிருக்கும். நீங்க சாப்பிட்டுப் பாத்துச் சொல்றீங்களா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "நான் சைவங்க" என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நிஜமாகவே கும்பிட்டார், கேலியில்லை. "ரொம்ப நல்லதுங்க. பெரிய விசயம் அது" என்றார். என் சாட்சியம் அந்த மரியாதையோடு தள்ளுபடியாயிற்று.

மேஸ்திரி முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அய்யா, இங்கன பாதி வீட்டுல கோழிக்கு மீன் தலையத்தான் போடுறாக. அதுவும் கொப்பரைக்கு வருது. அது கவிச்சி அடிக்காதா?"

"அது வேற, இது வேறப்பா."

"எப்புடிங்கய்யா வேற?"

காரியஸ்தர் கோபப்படவில்லை. ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல, "ஒன் நேர்ச்சையை ஆரும் வேணாம்னு சொல்லலையே. வேற ஒரு கொப்பரை வச்சிருவோம். ஒனக்குன்னு தனியா. கோவில் பாத்திரமே தர்றோம்" என்றார். தனியாக ஒரு கொப்பரை என்பது கௌரவம்போல அவர் வாயிலிருந்து வந்தது. போகும்போது எனக்கு, "காபி சாப்பிட வாங்க, சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே மேஸ்திரி மாதா கோவில் சாமியாரைப் பார்க்கப் போனார். நானும் போனேன், படித்தவன் கூட வந்தால் காரியம் நடக்கும் என்று அவருக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. சாமியார் வயதானவர், நல்லவர். பாஸ்கு வாரத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தார்.

"தோத்திரம் சாமி. பொதுக் கொப்பரையில போடுறேன்னு நேந்தது. தனியா ஆக்குனா நேர்ச்சை சேருமா?"

"சர்வேசுரன் மனசைத்தான்யா பாப்பாரு. கொப்பரையவா பாக்கப் போறாரு?"

"அவரு பாக்க மாட்டாரு சாமி. இவுக பாக்குறாகளே."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மறுபடி துடைத்தார். "பாஸ்கு நேரத்துல ஊருல சண்டை வேண்டாம்யா" என்றார். "பொறுத்துக்க. அடுத்த வருசம் பாக்கலாம்." அந்தக் கண்ணாடி அன்று மிகவும் சுத்தமாக இருந்தது, அதன் வழியாக அவருக்கு என்ன தெரிந்தது என்று நான் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு பூசை முடிந்தது. கோவிலுக்கு வடக்கே பெரிய கொப்பரை. சமையல் மணம் காற்றோடு போகாத பக்கமாகப் பார்த்து, ஒரு சுவருக்குப் பின்னால் மேஸ்திரியின் கொப்பரை. அவர் மனைவிதான் ஆக்கினாள், மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துப்போட்டு. கொஞ்ச நேரத்தில் அந்த மணம் சுவரைத் தாண்டிவிட்டது. மணத்துக்குத் தெருப் பிரிவினை தெரியாது என்று யாராவது எழுதியிருந்தால் அதை நான் பரிகாசம் செய்திருப்பேன். ஆனால் அன்று பெரிய கொப்பரையைச் சுற்றி நின்ற தலைகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்புவதைக் கண்ணால் பார்த்தேன்.

அந்த அம்மாள் ஒரு இலைத் தொன்னையில் இரண்டு துண்டு எடுத்து என்னிடம் நீட்டினாள். சிரிக்கவில்லை.

"பாத்துச் சொல்லுங்க. கவிச்சி அடிக்குதான்னு."

பாசியைத் தின்றவனுக்குப் பாசி தின்றதைத் தின்ன என்ன தயக்கம் என்று அவள் பார்வையில் இருந்தது. என் அப்பா, தாத்தா, தாத்தாவின் தாத்தா எல்லாரும் வரிசையாக மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். என் வாழ்க்கையில் நான் தின்ற மாமிசம் அந்த இரண்டு துண்டுதான். பிறகுதான் உறைத்தது, கவிச்சி அடிக்கிறதா இல்லையா என்று சொல்ல, கவிச்சி அடிக்காத பன்றிக்கறி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவேண்டுமே. நல்லாயிருக்கு என்றேன். "ஆருகிட்டச் சொல்றீங்க, என்கிட்டயா?" என்றாள் அவள். வாஸ்தவம். சாட்சி ஆஜரானபோது தீர்ப்பு எழுதியாகிவிட்டிருந்தது.

முதல் தூக்குச்சட்டி வந்தது பின்பக்கமாக. மேலத்தெரு வீடு ஒன்றின் வேலைக்காரப் பெண். "வீட்டுல ஆச்சி ருசி பாக்கக் கேட்டாக. கொஞ்சம் கொழுப்பாப் பாத்து" என்றாள். மேஸ்திரி அகப்பையை எடுத்தார்.

"என்ன பண்றீக?" என்றாள் மனைவி.

"நேர்ச்சைக் கறி. கேட்டவுகளுக்கு இல்லைன்னு சொல்லக் கூடாது."

"கேக்குறவுக முன்பக்கமா வந்து கேக்கட்டும்."

"போகட்டும், விடுடி."

அடுத்த சட்டி வந்தது. பிறகு ஒரு டிபன் காரியர். பித்தளையில், அடுக்கடுக்காக, பட்டாளத்து எண் பொறித்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும், அந்த வீட்டில் எத்தனையோ காபி குடித்திருக்கிறேன். அத்தனை அடுக்கையும் மேஸ்திரி நிரப்பினார். அவர் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் இருந்ததைச் சொல்லாமல் விட முடியாது. தன் கறி மேலத்தெருவுக்குப் போகிறது, எந்த வழியாகப் போனால் என்ன என்று அந்தச் சில நிமிஷங்களில் அவர் நினைத்திருக்கக்கூடும். சட்டிகள் வரிசை கட்டி வந்தன. சிலது இரண்டாம் தடவையும் வந்தது.

பெரிய கொப்பரையில் முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்திக்குக் கீழத்தெரு கூப்பிடப்பட்டபோது, மேஸ்திரியின் கொப்பரையில் அகப்பை தட்டுகிற சத்தம்தான் மிச்சம். குழம்பு ஒட்டிக்கிடந்த அடியைச் சுரண்டிப் பார்த்தாள் அந்த அம்மாள். தங்கள் பன்றியைத் தங்கள் கொப்பரையில் ஆக்கித் தாங்களே தின்னலாம் என்று மேலத்தெரு கொடுத்த சலுகையும் அப்படியாக மேலத்தெருவுக்கே போய்ச் சேர்ந்தது. கீழத்தெரு வழக்கம்போல இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து, மேலத்தெரு நேர்ச்சையின் எலும்பைச் சப்பிவிட்டு எழுந்தது. மேஸ்திரியும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்தார்.

பாசித் தீவனச் செயல்விளக்கம் முழு வெற்றி என்று எனக்குப் பாராட்டு வந்தது. உள்ளூர் மக்களின் ஒத்துழைப்பையும் அதில் பாராட்டியிருந்தார்கள்.

மழைக்காலம் வந்ததும் காரியஸ்தர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். காபி வந்தது. அடுத்த பாஸ்குக்கும் மேஸ்திரி பன்றி வளர்க்கிறாரா என்று விசாரித்தார். "அந்தத் தனிக் கொப்பரை ஏற்பாடு நல்லா அமைஞ்சு போச்சுங்க. ஊருல எல்லாருக்கும் திருப்தி. பாசி மூட்டை கொண்டாற லாரிச் செலவைக் கோவிலே பாத்துக்கும்னு சொல்லுங்க" என்றார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அது வழக்கமாகிவிட்டிருந்தது.

நான் கீழத்தெருவுக்குப் போய்ச் சொன்னேன். மேஸ்திரி தமர்க்கம்பியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். நல்ல காதைத் திருப்பிக் கேட்டார்.

"வளக்கலாம், சார். போன தடவை நேந்தது சேரலைன்னுதான் எனக்கும் மனசுல கெடக்கு. ஆனா இந்தத் தடவை பாசி போடலை. பாசி போடாட்டிப் பொதுக் கொப்பரையில சேத்துக்குவாகளா, கேட்டுட்டு வாங்க."

திரும்ப மேலத்தெருவுக்கு சைக்கிளை மிதித்தேன். காரியஸ்தர் கேட்டுவிட்டு உண்மையாகவே யோசித்தார். மோவாயைத் தடவினார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதையும் அன்றும் நான் பார்க்கவில்லை.

"பாசி போடாட்டி அந்த ருசி வராதுங்களே, சார்" என்றார்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு மறுபடியும் கீழத்தெருவுக்கு வந்தேன். வழியில் அதைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்லலாமா என்று பார்த்தேன். தமிழ் படித்தவனுக்கு அது கஷ்டமில்லை. ஒன்றும் அமையவில்லை. இருந்ததை இருந்தபடியே சொன்னேன்.

மேஸ்திரி கம்பியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"அப்படி ருசியாவா இருந்துச்சு, சார்?" என்றார். "நான் திங்கலை. நீங்கதானே தின்னீக."